கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

(பள்ளிப்பட்டில் பொதுமக்கள் முன் ஒரு மனநல மருத்துவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒருவர் தன் வைத்தியத்தைப் பற்றித் தானே முடிவு சொல்லும் நிலையில் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுகொள்வது? இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் இதுதான். டாக்டர்கள் படிக்க வேண்டிய பாடம், நமக்கெதற்கு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் அட்டெண்டராக நிற்போம். இன்னொரு நாள் கட்டிலிலேயே படுத்திருப்போம். இரண்டு நாளுக்கும் இது தேவைப்படும்.

நம் ஊர்க்காரர்கள் பெரிய வைத்தியத்துக்குத் திருத்தணி போகிறோம், திருவள்ளூர் போகிறோம், வேலூர், சித்தூர், திருப்பதி, சென்னை என்று போகிறோம். எங்கே போனாலும் ஒரு காட்சி மாறுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு படிவத்தோடு வருவார். "அட்டெண்டர் யாருங்க? வந்து கையெழுத்துப் போடுங்க." மகனோ மருமகனோ ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வருவார். நோயாளி விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். பேரனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா என்று விசாரிக்கிறார். மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா என்று கேட்கிறார். எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் வெட்டப்போவது அவர் வயிற்றை என்பதைப் பற்றி அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் வாய் திறப்பது எப்போது கவனத்துக்கு வருகிறது தெரியுமா? "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லும்போது. உடனே வார்டில் பரபரப்பு. "பெரியவர் ஒரு மாதிரி பேசறார், சைக்கியாட்ரிஸ்டைக் கூப்பிடுங்க." தலையாட்டினால் தெளிவானவர், மறுத்தால் குழம்பியவர் என்று ஒரு எழுதாத விதியை நாம் வைத்திருக்கிறோம். இந்த விதி இரண்டு பக்கமும் தப்பு. மறுப்பவரில் பலர் முழுத் தெளிவோடு மறுக்கிறார்கள். தலையாட்டுகிறவரில் பலருக்கு என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாது. இன்று நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1995 மே மாதம் டெல்லியில் நடந்தது இது. சமீரா கோலி வழக்கு என்று சொல்வார்கள். 44 வயதுப் பெண், திருமணமாகாதவர். மாதவிடாய் நிற்காமல் நீடித்ததால் ஒரு கிளினிக்குக்குப் போனார். கேமரா வைத்த குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு ஒப்புக்கொண்டார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் வந்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு போய், கருப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். புகார் தள்ளுபடி ஆனது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று அதை மாற்றியது. நோயாளி வயது வந்தவர், தெளிவுள்ளவர். மயக்கம் தெளியும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும் என்ற நிலை இல்லை. ஆகவே தாயின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்றது. டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று தீர்ப்பு.

தொகை பெரிதல்ல. ஆனால் பெற்ற தாயே ஆனாலும், தெளிவாக இருக்கும் மகளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதம் செல்ல வேண்டுமானால் மூன்று வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் இருக்க வேண்டும். கட்டாயம் இல்லாமல் அவராகச் சொல்ல வேண்டும். போதுமான விவரம் அவருக்குத் தரப்பட்டிருக்க வேண்டும்.

வழக்கம் ஏன் மாறவில்லை? விதி எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில், ஆபரேஷனுக்கு முன் எழுத்து மூலம் யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, மைனரானால் பெற்றோர் அல்லது காப்பாளர், அதற்குப் பிறகு நோயாளி! உடம்புக்குச் சொந்தக்காரர் கடைசியில் வருகிறார். இத்தனைக்கும் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்திலேயே, 18 வயது நிரம்பிய, மனநோய் இல்லாத பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. எத்தனை மருத்துவமனைகளில் இன்றும் கேட்கிறார்கள் என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கே தெரியும்.

சரி, திறன் இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? பால் ஆப்பெல்பாம், தாமஸ் கிரிஸ்ஸோ என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1988இல் இதை நான்கு கேள்விகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் இன்றுவரை மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறோம். நம் பக்கத்து ஆள் ஒருவரை வைத்தே சொல்கிறேன். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிய 70 வயதுப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருடச் சர்க்கரை. கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவர் மாட்டேன் என்கிறார்.

முதலாவது, புரிதல். "ஐயா, டாக்டர் உங்க காலைப் பத்தி என்ன சொன்னாரு? உங்க வார்த்தையில சொல்லுங்க." புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளியே வரும்.

இரண்டாவது, அது தனக்கு நேர்ந்திருப்பதாக அவர் உணர்கிறாரா என்பது. "எடுக்காம விட்டா உங்களுக்கு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" அழுகல் ஏறினால் ஆள் செத்துப்போவான் என்று பொதுவாகத் தெரிந்திருக்கும். ஆனால் "என் கால்ல இருக்கறது நூலுக்குப் போட்ட சாயம், சோப்புப் போட்டா போயிடும்" என்று அவர் நம்பினால் இந்த இடத்தில் திறன் குறைகிறது.

மூன்றாவது, எடைபோட்டுப் பார்ப்பது. ஏன் வேண்டாம் என்கிறார், அந்தக் காரணத்துக்கும் முடிவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது. நான்காவது, ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்பது. காலையில் வேண்டும், மத்தியானம் வேண்டாம், சாயங்காலம் வேண்டும் என்று காரணமில்லாமல் மாறிக்கொண்டே போனால் நின்று பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பெரியவர் இப்படிச் சொல்கிறார்: "தெரியும் சார். எடுக்கலன்னா சீழ் மேல ஏறும், பொழைக்க மாட்டேன். எழுபது வருஷம் இருந்துட்டேன். ஒத்தைக் காலோட மகன் வீட்டுத் திண்ணையில கிடக்க எனக்கு மனசு இல்ல." இவருக்குத் திறன் இருக்கிறதா? நான்கும் இருக்கிறது. நாம் அழலாம், வாதாடலாம், செயற்கைக் கால் பொருத்தி நடக்கிற ஒருவரைக் கூட்டிவந்து பேசவைக்கலாம். வலிக்கு மருந்து கொடுத்து மறுபடி கேட்கலாம். ஆனால் கட்டிப்போட்டுக் காலை எடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

அவரே, "திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கிட்டேன், ஆடிக் கிருத்திகை வரைக்கும் பொறுங்க" என்றால்? பக்தி மனநோய் அல்ல. அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். "அதுவரைக்கும் பொறுத்தா கால் என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு?" அதற்கும் அவருக்குப் பதில் தெரிந்தால் அவர் தெரிந்தே பொறுக்கிறார்.

இங்கிலாந்தில் 1993இல் இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. நீதிமன்றம் நோயாளியின் பெயரை மறைத்து 'சி' என்று மட்டும் எழுதியது. 68 வயது. பிராட்மூர் என்ற காவல் மனநல மருத்துவமனையில் இருந்தவர். கடுமையான மனச்சிதைவு நோய். தான் உலகப் புகழ் பெற்ற டாக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தார். காலில் அழுகல். காலை எடுக்காவிட்டால் பிழைக்க 15 விழுக்காடுதான் வாய்ப்பு என்றார் சர்ஜன். 'சி' மறுத்தார். நீதிபதி தார்ப் என்ன பார்த்தார்? நோயின் பெயரைப் பார்க்கவில்லை. காலைப் பற்றிச் சொன்னது இவருக்குப் புரிந்ததா, அதை நம்பினாரா, எடைபோட்டாரா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளாமல் காலை எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அழுகிய திசுவை மட்டும் நீக்கிய சிகிச்சையில் அந்த ஆபத்தை 'சி' தாண்டினார். ஒரு விஷயத்தில் மனம் பிசகியவருக்கு இன்னொரு விஷயத்தில் தெளிவு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஓட்டுச்சாவடியில் நாம் தப்பான சின்னத்தில் குத்திவிட்டோம் என்று யாராவது வாக்குரிமையைப் பறிக்கிறார்களா? நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதே நியாயத்தில் நிற்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, ஒருவர் எடுத்த முடிவு மற்றவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்கிறது. இது மனநலச் சிகிச்சைக்காக எழுதிய சட்டம். ஆனால் மனநோய் உள்ளவருக்கே இந்த மரியாதை உண்டென்றால், மூட்டு வலிக்கும் கண் புரைக்கும் வந்த நம் பாட்டிக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது?

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இன்று என்ன தேதி, என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டு, முப்பதுக்கு இத்தனை மார்க் என்று போடும் சோதனை ஒன்று உண்டு. 1975இல் வந்தது. ஞாபக மறதி எவ்வளவு என்று மேலோட்டமாக அறிய நல்ல கருவி. அதை வைத்து முடிவெடுக்கும் திறனை அளக்க முடியாது. நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்று தெரியாமலேயே அம்மையார்குப்பம் சந்தையில் ஒரு காசு ஏமாறாமல் வாங்கி விற்ற பெண்கள் இருக்கிறார்கள். தேதி தெரியாத பாட்டிக்குத் தன் கண்ணில் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லத் தெரியும். பெரிய முடிவுக்குத் திறன் போதாதவருக்கும், "எனக்காக யார் பேசணும்? என் சின்ன மகள்தான் பேசணும்" என்று சொல்லும் திறன் இருக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆளை மொத்தமாக ஒரு முத்திரை குத்தக் கூடாது.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. அது மொழி. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியும் சுற்றுப்புற ஊர்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! கடையில் தமிழ் பேசுவார்கள். வலி வந்தால் தெலுங்கில்தான் வரும். சென்னையில் தெலுங்கு தெரியாத இளம் டாக்டர் கேட்கிறார், அம்மா விழிக்கிறார். "பேஷண்ட் சரியா ரெஸ்பான்ஸ் பண்ணல" என்று குறிப்பு எழுதப்படுகிறது. அதேபோல, இங்கிருந்து திருப்பதிக்குப் போகும் தமிழ்க்காரரின் கதை. மனநலச் சட்டம், விவரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில், எளிய வார்த்தையில், தேவைப்பட்டால் சைகையிலோ படம் காட்டியோ சொல்ல வேண்டும் என்கிறது. அதைச் செய்த பிறகுதான் திறனைப் பற்றிப் பேச வேண்டும். காது மெஷினை வீட்டில் விட்டுவிட்டு வந்தவரை, கண்ணாடியும் பல் செட்டும் பையில் இருப்பவரைச் சோதித்துவிட்டுத் திறன் இல்லை என்பது அநியாயம்.

அடுத்தது நேரம். நேற்றுவரை நன்றாகப் பேசிய பெரியவர் இன்று ராத்திரி ட்யூபைப் பிடுங்குகிறார், செத்துப்போன அண்ணனோடு பேசுகிறார். வீட்டார் பயந்துபோய் "மூளை கலங்கிடுச்சு" என்கிறார்கள். பெரும்பாலும் அது டெலிரியம் என்கிற தற்காலிகக் குழப்பம். சிறுநீர்த் தொற்று, உடலில் சோடியம் உப்பு இறங்குவது, நீர் வற்றுவது, சில மாத்திரைகள், மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். தினமும் குடித்தவர் எலும்பு முறிந்து சேர்ந்தால், குடி நின்ற இரண்டு மூன்று நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். அந்த நேரத்தில் அவர் சொல்லும் சம்மதமும் செல்லாது, மறுப்பும் செல்லாது. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். காத்திருக்க முடிகிற ஆபரேஷனானால் காத்திருக்க வேண்டும். இந்தக் குழப்பம் சாயங்காலம் கூடும், காலையில் குறையும். கேட்க வேண்டியதைக் காலையில் கேளுங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே, வழக்கமாகச் சித்தம் தெளிவில்லாதவர்கூடத் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது. நிலம் விற்க அனுமதித்த அந்தத் தெளிவை, அவர் உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இந்தக் குழப்பத்தில் கத்தாமல், பிடுங்காமல், சாதுவாகப் படுத்திருப்பவர்களும் உண்டு. என்ன கேட்டாலும் "சரிங்க சார்", "சரே சார்". இவர்கள்தான் நம் கண்ணுக்குத் தப்புகிறார்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் சேர்ந்த நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. குறைந்தது 40 விழுக்காட்டினருக்கு முடிவெடுக்கும் திறன் அப்போது இல்லை என்று மதிப்பிட்டார்கள். திறன் இல்லாதவர்களில் கால்வாசிப் பேரைத்தான் வார்டு டாக்டர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். மற்றவர்கள் பேசாமல் ஒத்துழைத்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. இது எல்லா வசதியும் உள்ள லண்டனில். ஆகவே ஒப்புக்கொள்கிறவரிடமும், "என்ன பண்ணப்போறாங்க, சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

உண்மையிலேயே திறன் இல்லை என்றால் என்ன செய்வது? உயிர் போகிற அவசரம் என்றால், டாக்டர் நல்லெண்ணத்தோடு காப்பாற்றலாம். பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. அவசரமில்லாத வேளையில் சிக்கல் வருகிறது. இங்கிலாந்தில் 2005இல் இதற்கென்றே முழுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் மனநலச் சிகிச்சைக்கு 2017 சட்டம் இருக்கிறது. நமக்காகப் பேச ஒருவரை நியமித்து வைக்கலாம், எந்தச் சிகிச்சை வேண்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். ஆனால் பக்கவாதத்தில் நினைவிழந்தவருக்கு யார் பேசுவது என்று சொல்லும் பொதுவான சட்டம் இல்லை. 2024 மே மாதம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியமும் குடும்பமும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அவரையே காப்பாளராக நியமித்தார்கள். தாலி கட்டியவருக்காகப் பேச ஒரு பெண் இரண்டு முறை நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பிழைக்க வழியில்லாத கடைசிக் கட்டத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று அப்போது வைத்த கடினமான நிபந்தனையை 2023 ஜனவரியில் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நமக்காக முடிவு சொல்ல வேண்டியவர் பெயரையும் அதில் எழுதலாம்.

குடும்பத்தார் சொல்லும் ஒரு நியாயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன். "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாரு." இது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் சொல்லாமல் மறைத்துவிட்டு, பிறகு "அவருக்கு ஒண்ணும் தெரியாது சார், என்னைக் கேளுங்க" என்று சொல்கிறோம். தெரியாதவராக அவரை ஆக்கியது நாம். பெண்களுக்கு இது இன்னும் அதிகம் நடக்கிறது. ஐம்பது வருடம் குடும்பக் கணக்கைப் பார்த்தவர், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஒன்றும் தெரியாதவர் ஆகிவிடுகிறார். மனநோய் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்ததில் 28 பேர் மாண்டார்கள். அவர்களுக்குப் புத்தி இல்லை என்று முடிவு செய்துவிட்டதால், அவர்களை யாரும் எதையும் கேட்கவேண்டியதாக இருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. அட்டெண்டராகப் போகிறவர்கள் பேனாவை வாங்கும் முன், "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் அவருக்குப் புரியும் மொழியில், உங்கள் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். டாக்டர்களும் நர்ஸ்களும் இந்த அவையில் இருந்தால், மறுப்பவரை மட்டும் சோதிக்காதீர்கள். தலையாட்டுகிறவரையும் ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். மூன்றாவது வேண்டுகோள் எல்லோருக்கும். நல்ல நினைவோடு இருக்கும்போதே, நமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம், நமக்காக யார் பேச வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள். இந்த வாரமே பேசுங்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.